பச்சை லாரியும் பாய்லர் சத்தமும்

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது ஒரு கண்காட்சியில் ‘கிரீன் காடஸ்’ என்ற பழைய ராணுவத் தீயணைப்பு லாரியைப் பார்த்தேன். 1977இல் அங்கே தீயணைப்பு வீரர்கள் செய்த ஸ்ட்ரைக்கில் ராணுவம் இதை ஓட்டித்தான் மக்களைக் காப்பாற்றியதாம். அந்தக் கட்டுப்பாடு நமக்கு எப்போது வரும்? எஞ்சின் பெட்ரோலா டீசலா என்று கேட்க மறந்துவிட்டேன். உங்களுக்குத் தெரியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டு நாளாக அப்பா நினைவாகவே இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

முதலில், அது ராணுவ வண்டியே அல்ல. அடியில் இருப்பதுதான் ராணுவ லாரி, பெட்ஃபோர்ட் ஆர்எல். அதன்மேல் பம்பு ஏற்றி, 1953 முதல் சில வருடங்கள் துணைத் தீயணைப்புப் படைக்காகக் கட்டினார்கள். அணுகுண்டு விழுந்து குழாய்கள் உடைந்தால் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டுமே, அதற்கு. குண்டு விழவில்லை. 1968இல் படையைக் கலைத்து, வண்டிகளைக் கொட்டகையில் போட்டார்கள். அந்தப் போருக்காகச் செய்த வண்டி கடைசியில் ஒரு கூலித் தகராறில் இறங்கியது.

‘காப்பாற்றியது’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! தீயணைப்பு வீரர்கள் கேட்டது 30 சதவீத உயர்வு. பத்துக்கு மேல் கிடையாது என்றது அன்றைய பிரதமர் காலஹனின் அரசு. அதுவும் தொழிலாளர் கட்சி அரசு! ஒன்பது வாரம் குளிரில் நின்று, அந்தப் பத்தோடும் இனிமேல் சம்பளத்துக்கு ஒரு கணக்கு வைப்போம் என்ற ஒப்பந்தத்தோடும் திரும்பினார்கள். சிப்பாய்களை நான் குறை சொல்லவில்லை. கொஞ்ச நாள் பயிற்சி, தெரியாத ஊர், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. முன்னால் போலீஸ் வண்டி வழிகாட்ட, பின்னாலேயே போனார்கள், பாவம். ஆனால் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டது தெரிந்து, ஸ்ட்ரைக்கில் நின்றவர்களே ஓடிப்போய் உதவிய இடங்களும் உண்டு. கட்டுப்பாடு என்றால் எனக்கு அதுதான்.

அப்பா ஒரு மில்லில் பாய்லர்மேன். ஸ்ட்ரைக் 40 நாள் தாண்டிவிட்டது, வீட்டில் கஞ்சிதான். உள்ளே புது ஆளை வைத்து ஓட்டினார்கள். ஒருநாள் பந்தலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர் சட்டென்று தலையைத் தூக்கினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையில் சீட்டோடு கேட்டுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, தண்ணி பாரு! பாய்லர் மட்டக் கிளாஸ்ல தண்ணி தெரியுதா பாரு! இல்லேன்னா தண்ணிய விடாதே, நெருப்ப வெளிய இழு!” என்று தொண்டை கிழியக் கத்தினார். சத்தம் மாறும்வரை அங்கேயே நின்றார். அப்புறம் வந்து உட்கார்ந்து, “யாரு எறக்கம்?” என்றார்.

பெட்ரோல்தான். ஆறு சிலிண்டர்.