உரையில் சொற்களைத் தேர்ந்தெடுத்து வண்ணமிட்டு லேபிள் இடும் இணைய இடைமுகத்தை எப்படி வடிவமைப்பது?

கட்டுரையின் நடுவே சில சொற்களை இழுத்துத் தேர்ந்தெடுத்து, ‘நபர்’, ‘இடம்’, ‘நாள்’ என்று லேபிள் இடும் கூறு ஒன்றை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிவருவதாகவும், சர்வரில் பைத்தான் இருப்பதாகவும், சேமித்ததைத் திரும்பத் திறக்கும்போது சில கட்டுரைகளில் மட்டும் வண்ணம் ஓரிரு எழுத்து தள்ளி விழுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். ‘சில கட்டுரைகளில் மட்டும்’ என்ற சொற்களே விடையை ஏறத்தாழச் சொல்லிவிடுகின்றன. கோளாறு வண்ணமிடும் நிரலில் இருக்க வாய்ப்பு குறைவு. எழுத்துகளை எண்ணும் முறையில்தான் இருக்கும்.

நான் முதன்முதலில் இத்தகைய கூறு ஒன்றை எழுதியபோது எண்ணவே இல்லை. தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றி, வண்ணமிடப் பயன்படும் மார்க் டேக் என்ற எச்டிஎம்எல் குறியைப் போட்டு, அந்த எச்டிஎம்எல்லை அப்படியே தரவுத்தளத்தில் சேமித்தேன். ஒருவர் மட்டும் பயன்படுத்தியவரை குறையேதும் தெரியவில்லை. இரண்டாமவர் அதே கட்டுரைக்குத் தம் லேபிள்களை இடத் தொடங்கியதும், ஒருவர் குறித்த பகுதியின் பாதியில் மற்றவருடைய பகுதி தொடங்கியது. டேக்குகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கலாமே தவிர, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்ல முடியாது. அன்றிலிருந்து நான் விடாமல் பின்பற்றுவது இதைத்தான்: மூல உரையை ஒருபோதும் தொடக்கூடாது, லேபிள்கள் தனிப் பட்டியலாக, தொடக்க எண், முடிவு எண், லேபிளின் பெயர் என்று வெளியே இருக்க வேண்டும், திரையில் தெரியும் வண்ணம் அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்படும் படம் மட்டுமே.

இணையக் குறிப்புகளுக்காக, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2017 பிப்ரவரியில் வெளியிட்ட பரிந்துரையும் இந்த வழியையே கொள்கிறது. அதில் எண்களால் இடத்தைச் சுட்டும் முறையோடு, குறிக்கப்பட்ட சொற்களையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள சில எழுத்துகளையும் சேமிக்கும் இன்னொரு முறையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சேமியுங்கள். எண் தவறினாலும் சொற்களைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதே சொல் பத்து இடங்களில் வந்தால் முன்பின் எழுத்துகள் வேறுபடுத்திக் காட்டும்.

இனி எண்ணும் விஷயத்துக்கு வருகிறேன். ‘கோவில் மணி’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்தும் ஓர் இடைவெளியுமாக ஆறு தெரிகிறது. எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் ‘கோ’ என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு, ‘வி’ இரண்டு, ‘ல்’ இரண்டு, இடைவெளி ஒன்று, ‘ம’ ஒன்று, ‘ணி’ இரண்டு, ஆக மொத்தம் 10. சேமிக்கப் பயன்படும் யூடிஎஃப்-8 வடிவின் பைட்டுகளாக எண்ணினால் 28. ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் இங்கே 10 என்றே சொல்லும் என்பதால் ‘மணி’ 7-இல் தொடங்கி 10-இல் முடிகிறது என்று இருபுறமும் ஒத்துப்போகும். ஆனால் உரையில் அதற்கு முன்னால் ஓர் ஈமோஜி வந்துவிட்டால் ஒற்றுமை முறிகிறது. ஜாவாஸ்கிரிப்ட் யூடிஎஃப்-16 என்ற வடிவின் 16 பிட் அலகுகளில் எண்ணுவதால் பெரும்பாலான ஈமோஜிகளைக் குறைந்தது இரண்டாகக் கொள்கிறது; பைத்தான் குறியெண்களை, அதாவது யூனிகோட் தரும் எண்களை, எண்ணுவதால் எளிய ஈமோஜியை ஒன்றாகக் கொள்கிறது. அந்த இடத்துக்குப் பின்னுள்ள எல்லா லேபிள்களும் ஓரிடம் நகர்ந்துவிடும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்து எழுதிய உரையில் ‘கோ’ மூன்று இடம் கொள்ளும். அங்கே 7 முதல் 10 வரை வெட்டினால் ‘மணி’ வராது. முன்னால் ஓர் இடைவெளியோடு ‘மண’ வரும், இகரக் குறி வெளியே அநாதையாக நிற்கும். உரையை உள்ளே வாங்கும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவுக்கு மாற்றி, அந்த வடிவத்தையே மூலமாகப் பூட்டிவிடுவது இதற்குத் தீர்வு. லேபிள் இட்ட பிறகு மாற்றினால் எல்லா எண்களும் குலைந்துபோகும்.

தேர்வின் எல்லை எழுத்தின் நடுவே விழாமல் காக்க, உரையை முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும் உலாவி வசதியான இன்ட்ல்.செக்மென்டரைப் பயன்படுத்தி முழு எழுத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். அதன் பிறகும் ஒரு கேள்வி எஞ்சும். ‘கோவிலில்’ என்ற சொல்லில் ‘கோவில்’ என்பதை மட்டும் குறிக்க விரும்பினால் முடியாது. லகர மெய்யும் வேற்றுமை உருபின் இகரமும் கூடி ‘லி’ ஆகிவிட்டன, அந்த எழுத்தைப் பிளக்க இயலாது. ஆகவே உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் குறித்து, வேர்ச்சொல்லைத் தனிப் புலத்தில் எழுத விடுவதே நான் கண்ட நேர்மையான வழி. லேபிள் இடுபவர்களுக்கான விதிமுறையில் இதை முதலிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு விதமாகக் குறிப்பார்கள்.

வரைவதைப் பொறுத்தவரை, ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிகளை எல்லை எண்களில் வெட்டித் துண்டாக்குங்கள். ஒன்று 0 முதல் 10, மற்றொன்று 7 முதல் 18 என்றால் 0–7, 7–10, 10–18 என மூன்று துண்டுகள். நடுத்துண்டு மட்டும் இரண்டு லேபிள்களையும் தாங்கும். ஒவ்வொரு துண்டும் தன் தொடக்க எண்ணைப் பண்பாக வைத்திருந்தால், தேர்வின் எண்ணை அதோடு கூட்டி மூல உரையின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பிறர் எழுதிய பக்கத்தின்மீது வண்ணமிட வேண்டுமானால், பக்கத்தின் உள்கட்டமைப்பான டாம் மரத்தைத் தொடாமல் வரையும் சிஎஸ்எஸ் கஸ்டம் ஹைலைட் வசதி ஏற்றது. குரோம் 105, சஃபாரி 17.2, ஃபயர்ஃபாக்ஸ் 140 முதல் அது கிடைக்கிறது. அதில் பின்னணி நிறம், அடிக்கோடு போன்ற சிலவற்றை மட்டுமே மாற்ற முடியும். ஓர இடைவெளியோ லேபிளின் பெயரைத் தாங்கும் சிறு பட்டையோ வைக்க இயலாது.

சிறியவை சில. லேபிள் பொத்தானை அழுத்தும் கணத்தில் தேர்வு கலைந்துவிடுவது பலரையும் குழப்பும். பொத்தானின் மவுஸ்டவுன் நிகழ்வில் இயல்பான செயலைத் தடுத்தால் அது நிலைக்கும். கைபேசியில் கைப்பிடிகளை இழுத்துத் தேர்வை மாற்றும்போது மவுஸ்அப் நிகழ்வை நம்ப முடியாது. செலக்‌ஷன்சேஞ்ச் நிகழ்வையே கேளுங்கள். ஓரங்களில் ஒட்டிவரும் இடைவெளிகளைச் சேமிக்குமுன் நீக்குங்கள். வண்ணத்தை மட்டும் வைத்து லேபிளை அறியச் செய்யாதீர்கள். பெயரும் தெரிய வேண்டும். நாளெல்லாம் லேபிள் இடுபவருக்கு 1, 2, 3 விசைகளும் செயல்தவிர்ப்பும் எந்த அழகிய பட்டியலையும்விடப் பயன்படும். (வேண்டியது லேபிள் இட்ட தரவு மட்டும் என்றால், டொக்கானோ, லேபிள் ஸ்டுடியோ போன்ற ஆயத்தக் கருவி ஒன்றே போதும், இவ்வளவு பாடு தேவையில்லை.)

உங்களிடம் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தரவைத் தூக்கி எறிய வேண்டாம். பைத்தானில் ஒவ்வோர் உரையையும் யூடிஎஃப்-16 ஆக மாற்றி, உலாவி அனுப்பிய எண்ணை இரண்டால் பெருக்கினால் பைட் இடம் கிடைக்கும். அதுவரையுள்ள பைட்டுகளை மீண்டும் உரையாக்கி நீளம் பார்த்தால் சரியான குறியெண் இடம் வந்துவிடும். மாற்றும்போது பைட்டுகளின் வரிசை லிட்டில் எண்டியன் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் பைத்தான் அந்த வரிசையைக் காட்டத் தொடக்கத்தில் இரண்டு பைட்டுகளைச் சேர்த்துவிடும், அதனால் எல்லா இடங்களும் மீண்டும் ஒன்று நகரும்.