மாளிகைமேடும் குரூப் 4ம்

அன்புள்ள அக்கா,

அரியலூர் மாவட்டத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, தமிழ்வழி, கடைசி செமஸ்டர் படிக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். கல்லூரி முடிந்தால் அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வந்த ஆயிரம் ரூபாயும் நின்றுவிடும். வகுப்பில் பாதிப் பேர் திருச்சியில் ஹாஸ்டல் எடுத்து டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சேரப்போகிறார்கள். அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். பெரியம்மா வரன் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு எம்.ஏ. படிக்க ஆசை. ஆனால் "வரலாறு எம்.ஏ. படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டால் பதில் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மாளிகைமேடு அகழாய்வைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகுதான் பாடத்தையே ஒழுங்காகப் படிக்கிறேன். ஒரு வருடம் வீட்டிலிருந்து குரூப் 4க்குப் படிப்பதா, எம்.ஏ. சேர்வதா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டில் ஒன்றை ஏன் விட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பு போதும். 200 கேள்விகள், 3 மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவுக்கு 75 கேள்விகள். தேசிய இயக்கம், தமிழ்நாட்டு வரலாறு என்று நீங்கள் மூன்று வருடமாகப் படித்தவை அதில் வருகின்றன. கணக்கு வகையறா 25தான், ஆனால் கலைப் பிரிவுப் பிள்ளைகள் வழுக்கி விழுவது அங்கேதான். தினம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். பள்ளிப் பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் நடத்துகிறார்கள். இதற்காகத் திருச்சியில் அறை எடுக்க வேண்டியதில்லை. எம்.ஏ. படித்துக்கொண்டே எழுதக்கூடிய தேர்வு இது. குரூப் 2, குரூப் 1 சமாச்சாரம் வேறு. முதன்மைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், அதற்கு முழு நேரமும் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். அது பிறகு.

வீட்டிலிருந்து படிப்பதில் எனக்குள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 குரூப் 4க்கு முதலில் 6,244 இடங்கள் அறிவித்தார்கள், பிறகு கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நன்றாகப் படித்தவர்களுக்கும் கிடைக்காமல் போகிற கணக்கு இது. கிடைக்காத வருடத்தின் முடிவில் கையில் என்ன இருக்கும் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போய்க்கொண்டே எழுதியவருக்கு எம்.ஏ. முதல் வருடம் முடிந்திருக்கும். வீட்டில் இருந்தவருக்கு அடுத்த அறிவிப்புக்கான காத்திருப்புதான். "டிஎன்பிஎஸ்சி படிக்கிறேன்" என்பது சொந்தக்காரர்கள் வாயை அடைக்க நல்ல பதில். ஆனால் அதைச் சொல்லியே நான்கைந்து வருடம் ஓட்டிவிட முடியும், அதுதான் ஆபத்து.

பெரியம்மா விஷயத்திலும் இதே கதைதான். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணைச் சும்மா இருக்கும் பெண் என்றுதான் நம் ஊரில் கணக்கு வைப்பார்கள். தினமும் காலையில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறவளிடம் "படிப்பு முடியட்டும்" என்பார்கள். இரண்டு வருட அவகாசத்தை இதைவிடச் சுலபமாக வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

அப்பா சொல்லும் பி.எட்.டை ஒதுக்காதீர்கள், வரிசையை மட்டும் மாற்றுங்கள். பி.எட். இப்போது இரண்டு வருடம். பி.ஏ., பி.எட். முடித்தால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத்தான் போகலாம், அதற்கும் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுத வேண்டும். எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதலாம். எம்.ஏ.வில் 55 சதவீதம் எடுத்திருந்தால் கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட், செட் தகுதித் தேர்வுகளை எழுதி அந்தப் பக்கமும் போகலாம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இதில் தளர்வு உண்டு. அப்பாவிடம், "பி.எட். வேண்டாம்னு சொல்லலப்பா, எம்.ஏ. முடிச்சிட்டுச் சேர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கேட்பது பி.எட்.டை அல்ல, மகளுக்கு ஒரு வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், மாளிகைமேடு. அதைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி. உங்கள் கடிதத்தில் வேறு யாரோ சொன்னதாக இல்லாத வரிகள் அவைதான். கங்கைகொண்டசோழபுரத்தில் கோயிலைப் பார்க்க உலகமே வருகிறது. பக்கத்தில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடத்தில் செங்கல் சுவரின் அடித்தளமும் கூரை ஓடுகளும் துருப்பிடித்த இரும்பு ஆணிகளும் சீனப் பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. கோயில் கல்லில் நின்றது, அரண்மனை ஓடும் ஆணியுமாகச் சரிந்தது. அங்கே நின்றபோது பாடம் உங்களுக்கு உறைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதற்காகத் தொல்லியல்தான் உங்கள் வாழ்க்கை என்று கொடி பிடிக்க மாட்டேன். அந்தத் துறையில் பணியிடங்கள் குறைவு. ஆனால் வழி இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை, எம்.ஏ. முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு வருட முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. கல்வெட்டு வாசிப்பும் அதில் உண்டு. "எம்.ஏ. படிச்சு என்ன ஆகப்போகுது?" என்பவர்களுக்கு இதையும் சொல்லலாம். எம்.ஏ.வுக்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். இந்த வருடம் உங்கள் கல்லூரியிலோ பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியிலோ சேர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, செலவும் குறைவு.

கடைசியாக ஒரு காரியம், இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய படிப்பு வரை தமிழில் படித்திருந்தால்தான் அது செல்லும். நீங்கள் தொடக்கப் பள்ளி ஓரிடம், உயர்நிலை வேறிடம் என்று படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் வேண்டும், தேர்வாணையத்தின் படிவத்தில். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு வரை, குரூப் 2க்குக் கல்லூரியும் சேர்த்து. சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட பிறகு தலைமையாசிரியரைத் தேடி ஓடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விடுவதற்குள் போய் வாங்கிவிடுங்கள். கல்லூரியில் டி.சி. வாங்கும் அன்றே அங்கேயும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா