கடற்கரை வீட்டுக்குச் செடி நட எந்த உலோகச் சாடி?
திருகோணமலை உப்புவெளியில் கடலுக்கு இவ்வளவு கிட்ட வீடு என்றால், உங்கள் துத்தநாகம் பூசிய சாடிகள் ஒரு வருடத்தில் அடிப்பக்கம் கறள் பிடித்ததில் ஆச்சரியமில்லை. உப்புக்காற்றில் அந்தப் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். அடியில் தண்ணீரும் தேங்கினால் கேட்கவே வேண்டாம்.

மறுபடி வாங்குவதென்றால் என் தெரிவு பவுடர் கோட்டிங் (தூள் வண்ணத்தைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) செய்த அலுமினியம். இரும்புபோல் கறள் பிடிக்காது, பாரமும் குறைவு. பூச்சில் கீறல் விழுந்தால் மட்டும் உடனே பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பு உள்ளே புகுந்து பூச்சு கொப்பளிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டுமென்றால் 316 தரம் கேளுங்கள். சாதாரண 304 தரம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி போடும்.

நீங்கள் ஆசைப்படும் கறள்நிற கோர்ட்டன் ஸ்டீல் வேண்டாம். பார்க்க வடிவுதான், சரி. ஆனால் நனைந்து காய்ந்து இறுகும் கறள் படைதான் அதற்குக் காப்பு. உப்பு அதை இறுக விடாது, அரிப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

எதை வாங்கினாலும் அடியில் துளை இருக்கட்டும், செங்கல் துண்டுகள்மேல் உயர்த்தி வையுங்கள், இடையிடையே நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். அப்புறம், கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் உலோகம் சுட்டு வேர் வாடும். வெளிர் நிறச் சாடி எடுத்து, உள்ளே சிறிது இடைவெளி விட்டு ஒரு பிளாஸ்டிக் சாடியை இறக்கி அதில் நடுங்கள்.