குடகில் பெய்த மழையும் மன்னார்குடி வயலும்

ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். இந்தியாவின் இயற்கைப் பிரிவுகள் ஆறு என்கிறது பாடநூல். பயிற்சி மையக் குறிப்பில் ஐந்து என்றிருக்கிறது. எது சரி? எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். கடற்கரைச் சமவெளி என்பதற்குமேல் அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

த.

அன்புள்ள த.,

ஆறு என்றே எழுதிவிடுங்கள். பாலைவனத்தை வடசமவெளியோடு சேர்த்துக்கொண்டால் ஐந்து வரும். அந்த எண்ணிக்கையில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காவிரிப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

என் தாத்தா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். வைகாசி முடியும்போதே நாளிதழைப் பிரித்ததும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான் தேடுவார். 120 அடியில் இன்று எத்தனை என்று பார்த்துவிட்டு, "கொடகுல மழ புடிச்சுதாடா?" என்று என்னிடம் கேட்பார். குடகு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. அவரும் அங்கே போனதில்லை. ஆனால் ஜூனில் தொடங்கும் குறுவை நெல்லுக்கு நாற்று விடலாமா என்பதை அந்த மழையை வைத்தே அவர் முடிவு செய்தார்.

உங்கள் பாடநூல் வரைபடத்தில் கடற்கரைச் சமவெளிக்கு ஒரு நிறமும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வேறொரு நிறமும் தீட்டியிருப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிடுவதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் ஊருக்குக் கிடைப்பது சொற்பமே. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அப்படியிருக்க, ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது வழக்கமானது எப்படி? கர்நாடகத்தின் குடகில் பெய்த மழை காவிரியிலும், கேரளத்தின் வயநாட்டில் பெய்த மழை அதன் துணையாறான கபினியிலும் இறங்கி வருவதால்தான். குறுவை அந்த மலைகளின் மழையில் முளைக்கிறது. அடுத்து வரும் சம்பா நெல்லுக்குத்தான் உங்கள் வானத்து மழையும் கைகொடுக்கிறது. நீங்கள் மிதித்து நடக்கும் வண்டல்கூட ஆறு மேலிருந்து கொண்டுவந்து பரப்பியதுதான். இவ்வளவையும் "கடற்கரைச் சமவெளி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு, வேறென்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள்!

கோவை மாவட்டத்தில் வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலையிறங்கிக் கோவை நகருக்கு வந்தால் அதில் கால்பங்குகூடத் தேறாது. ஒரே மாவட்டம்தான். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தேர்வுக்குப் படிக்கிறவருக்கு இருக்கும் அவசரம் எனக்கும் தெரியும். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, தண்ணீர் வராத ஆண்டுகளில் குறுவையை என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுகிறேன்.