வலி இல்லையென்றால் நோய் இல்லையா?

கே: என் மாமனாருக்கு 61 வயது. போன மாதம் ஒரு நாள் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி, எரிச்சல் ஏதுமில்லை. மறுநாளே நின்றுவிட்டதால், 'வெறும் சூடுதான்' என்று சொல்லி டாக்டரிடம் வர மறுக்கிறார். விட்டுவிடலாமா?

ப: விடாதீர்கள், இந்த வாரமே கூட்டிப்போங்கள். வலியோடு ரத்தம் வந்தால் பெரும்பாலும் கல்லோ கிருமித்தொற்றோ இருக்கும், அந்த வலியே ஆளை டாக்டரிடம் இழுத்துப்போய்விடும். வலிக்காமல் வருவதுதான் ஏமாற்றும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது; ஒரு நாள் ரத்தம் காட்டும், அப்புறம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட ஒன்றுமே தெரியாது, அந்த இடைவெளியில்தான் குணமாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு, முன்பு இருந்து விட்டவர்களுக்கும்தான், ஆபத்து கூடுதல். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'மாத்திரையால் வந்தது' என்று தாங்களே முடிவுகட்டிவிடக் கூடாது, அவர்களுக்கும் பரிசோதனை வேண்டும்.

புராஸ்டேட் வீக்கம் போன்ற சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு ஸ்கேன், தேவைப்பட்டால் மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கட்டி மேலோட்டமாக இருக்கும்போதே தெரிந்தால் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிட முடியும். தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுக்க வேண்டி வரலாம். அவரிடம் 'கேன்சர்' என்று ஆரம்பிக்காதீர்கள், பயந்தவர் அடுத்த முறை வந்தால் மறைத்துவிடுவார். 'ஒரு யூரின் டெஸ்ட் கொடுத்துட்டு வந்துடலாம், மாமா' என்று மட்டும் சொல்லுங்கள்.

கே: எங்கள் குடியிருப்பில் நோய் அறிகுறிகள் பற்றி ஒரு கூட்டம் வைக்கிறோம். எதையெல்லாம் சொல்லலாம்?

ப: எல்லா நோயையும் அடுக்காதீர்கள், கேட்பவருக்கு எல்லாமே தனக்கு இருப்பதாகத் தோன்றும், இல்லையென்றால் எதுவும் நினைவில் நிற்காது. சிலவற்றை மட்டும் நாள் கணக்கோடு சொல்லுங்கள். 2 வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை. 3 வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், சரியாகாத குரல் கம்மல் என்றால் டாக்டர். மலத்தில் ரத்தம் போனால் மூலம்தான் என்று தானே தீர்மானித்துக் களிம்பு வாங்கக் கூடாது. குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் போய், மெலிந்துகொண்டே வந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பென்றால் அதைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். எதற்கு எந்த டாக்டரிடம் முதலில் போவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அது தெரியாமலே பலர் தள்ளிப்போடுகிறார்கள்.