பிடித்த ஸ்பூஃப் படங்கள்: கிந்தனாரிலிருந்து இன்னும் எடுக்காத வடசென்னைப் படம் வரை

கேள்வி: பழையதோ புதியதோ, உங்களுக்குப் பிடித்த ஸ்பூஃப் படங்கள் எவை? ஏன் பிடிக்கும்?

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், படங்கள் தானாக வந்துவிடும். ஸ்பூஃப் என்றால் ஒரு படத்தை அதன் பாணியிலேயே எடுத்து ஓட்டுவது, அதாவது கிண்டலடிப்பது. அப்படி ஓட்டுகிற ஆள் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்க வேண்டும், அதுவும் விசிலடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பிடிக்காத படத்தைக் கிண்டலடிப்பது விமர்சனம். அது யூடியூபில் நிறையக் கிடைக்கிறது.

நான் ராயபுரத்துக்காரன். எங்கள் பக்கம் அகஸ்தியா, மகாராணி தியேட்டர்களில் முதல் காட்சிக்குத் தொண்டை கிழியக் கத்தின அதே கூட்டம்தான், சாயங்காலம் டீக்கடையில் அந்தப் படத்தைத் துவைத்துக் காயப்போடும். ஹீரோ எந்த வசனத்தில் கண்ணாடியைக் கழற்றுவார், தங்கச்சி எந்த ரீலில் சாவார் என்பதெல்லாம் அத்துப்படியாக இருப்பவனால்தான் அப்படி நடித்துக்காட்ட முடியும். அகஸ்தியாவை 2020இல் மூடிவிட்டார்கள், டீக்கடை இருக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்கு எப்போதும் முதல் இடம் 2010இல் வந்த ‘தமிழ்ப்படம்’தான். சி.எஸ்.அமுதன் இயக்கியது. தமிழ்நாட்டில் இதைச் சொல்லாத ஆளே இருக்கமாட்டார், அதனால் புதுசாக எதையோ கண்டுபிடித்த மாதிரி பேசப்போவதில்லை. ஆனால் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அதன் சிரிப்பைவிட அதன் ஒழுங்கு. ‘கருத்தம்மா’வில் பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுப்பார்கள். இதில் ஆண் குழந்தைக்குக் கொடுக்கும் கிராமம். அந்த ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அசல் படத்தின் துக்கத்தோடு அப்படியே எடுத்திருப்பார்கள். பரவை முனியம்மா பாட்டி ஒரு இடத்திலாவது ‘இது காமெடி’ என்று முகத்தில் காட்டுவாரா பாருங்கள். காட்டமாட்டார். அப்புறம் சிறுவன் சைக்கிள் பெடலை மிதித்து மிதித்தே வாலிபனாகிவிடுவான். அந்த ஷாட்டை எத்தனை சீரியஸ் படங்களில் பார்த்திருக்கிறோம்! அவற்றில் ஒன்றில்கூட நாம் கேள்வி கேட்டதில்லை. ‘அண்ணாமலை’யில் ரஜினி ஒரே பாட்டில் பணக்காரர் ஆனபோது கைதட்டினோம், ஆனதும் நம்பினோம். இதில் ஹீரோ சிவா சில நிமிடங்களில் கோடீஸ்வரனாகித் திரும்பி வரும்போது, நாம் எதற்கெல்லாம் கைதட்டியிருக்கிறோம் என்று தெரிகிறது.

நண்பர்கள் விஷயம் தனிக் கொண்டாட்டம். எம்.எஸ்.பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா மூவரும் கல்லூரிப் பையன்கள். பெயர்களோ நகுல், பரத், சித்தார்த், ‘பாய்ஸ்’ பட நடிகர்களின் பெயர்கள். நாற்பது வயது ஹீரோ புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு காலேஜுக்குப் போன காலத்தையெல்லாம் இந்த மூன்று முகங்களிலேயே முடித்துவிட்டார்கள். ‘ஓ மகசீயா’ பாட்டு வேறு. அதுவரை நம் பாடல்களில் வந்த அர்த்தமில்லாத சத்தங்களை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து, அதற்கு ஒரு உருகுகிற மெலடி மெட்டும் போட்டிருக்கிறார்கள். கிண்டல் பாட்டு என்பதை மறந்துவிட்டு எங்கள் தெருக் கல்யாணத்தில் மெல்லிசைக் குழு அதைப் பாடியது. மாப்பிள்ளை வீட்டார் ரசித்துத் தலையாட்டினார்கள். இதைவிட ஒரு ஸ்பூஃப் பாட்டுக்கு என்ன விருது வேண்டும்?

இதை 2012இல் தெலுங்கில் அல்லரி நரேஷை வைத்து ‘சுடிகாடு’ என்று எடுத்தார்கள். இந்த வகைப் படத்தை ரீமேக் செய்வது சாதாரண வேலை இல்லை. நம் கிளிஷேக்களை எடுத்துவிட்டு அவர்கள் ஊர் கிளிஷேக்களை ஒவ்வொன்றாக உட்கார வைக்கவேண்டும்.

‘தமிழ்ப்படம் 2’, 2018. ராயபுரம் ஐட்ரீமில் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவில்லை. முதல் படம் முப்பது வருஷத்துப் பழக்கத்தை ஓட்டியது. இரண்டாம் படம் பெரும்பாலும் போன வருஷத்து டீசரை ஓட்டியது. ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் தியானம் செய்ததை அன்று புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இன்று பள்ளிக்கூடம் போகும் என் அக்கா மகளுக்கு நான் அரசியல் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. வகுப்பு எடுத்து முடிப்பதற்குள் காட்சி போய்விடுகிறது. சதீஷின் வில்லன் வேஷங்கள் மட்டும் எனக்கு இன்றும் நிற்கின்றன.

இவர்களுக்கெல்லாம் வழி போட்டது விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’. ராம்பாலா இயக்கம். சந்தானம், மனோகர், சாமிநாதன், ஜீவா, சேஷு என்று ஒரு படையே அங்கிருந்து வந்தது. யோகி பாபுவும் அங்கே ஓரத்தில் நின்றவர்தான். படமாக வராவிட்டாலும் என் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்த காட்சியை ஒரு அட்டை, ஒரு விக், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து எடுப்பார்கள். மனோகர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு வந்து நின்றாலே போதும், அசல் ஹீரோவின் கம்பீரம் எங்கே போயிற்று என்று தேடவேண்டும். அந்த ஏழ்மைதான் அதன் பலம். பணம் கொட்டி எடுத்திருந்தால் அது இன்னொரு படமாக ஆகியிருக்கும்.

சரி, பழசுக்கு வருவோம். இங்கே பலர் ஸ்பூஃப் என்றாலே ஹாலிவுட்டில் இருந்து இறக்குமதி ஆன சரக்கு என்று எழுதுகிறார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை மறந்துவிட்டார்கள். 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில் அவர் பாட்டும் கதையுமாகச் செய்த கிந்தனார் காலட்சேபத்தைக் கேளுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் அன்றைய ஜனங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ படம் 1942இல்தான் வந்திருந்தது. நந்தன் சிதம்பரம் கோயிலுக்குப் போகத் துடிப்பான். கலைவாணரின் கிந்தன் படிக்கப் போகத் துடிப்பான். காலட்சேபம் செய்யும் பாகவதர் மாதிரியே உட்கார்ந்து, அதே பக்தி இழுப்போடு, பள்ளிக்கூடத்தைக் கோயில் இருந்த இடத்தில் வைத்துவிட்டார். காலட்சேபத்தை உள்ளும் புறமும் தெரியாத ஒருவர் அதைச் செய்திருக்க முடியாது. சங்கீதத்தில் ஒரு இடத்தில்கூடக் கை தளராது. சிரித்துக்கொண்டே இருப்போம், நடுவில் சுரீர் என்று ஒன்று குத்தும். எழுபது எண்பது வருஷம் ஆகியும் நம் ஆட்கள் இந்த உயரத்தை மறுபடி தொட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ‘காதலிக்க நேரமில்லை’. 1964, ஸ்ரீதர். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பா, அதாவது நாகேஷ், தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வாரே, அந்தச் சில நிமிடங்கள் ஒரு முழு ஸ்பூஃப் படத்துக்குச் சமம். செட் கிடையாது, பேய் கிடையாது. நாகேஷின் தொண்டையும் பாலையாவின் கண்களும்தான். திகில் படம் எப்படியெல்லாம் நம்மைப் பயமுறுத்தும் என்ற தொழில் ரகசியம் மொத்தத்தையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதே நேரத்தில் பாலையாவை நிஜமாகவே பயமுறுத்துவார். மலையாளத்தில் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. 1996இல் வந்த ‘அழகிய ராவணன்’ படத்தில் ஸ்ரீனிவாசன், சினிமா ஆசை பிடித்த எழுத்தாளர் அம்புஜாக்‌ஷனாக வந்து ‘சிறகொடிஞ்ஞ கினாவுகள்’ என்று ஒரு அழுமூஞ்சிக் கதையைச் சொல்வார். 2015இல் அந்தக் கதையையே குஞ்சாக்கோ போபனை வைத்து நிஜப் படமாக எடுத்துவிட்டார்கள், முழுக்க முழுக்கக் கிண்டலாக. செல்லப்பா இன்னும் தயாரிப்பாளருக்காகக் காத்திருக்கிறார்.

‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யை (2006) ஸ்பூஃப் என்று ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு. அரசியல் நையாண்டி என்பார்கள். இரண்டும்தான். சிம்புதேவன் எடுத்துக்கொண்டது 1958ஆம் ஆண்டு ‘உத்தம புத்திரன்’ வகையறா: இரட்டைப் பிள்ளைகள், ஒன்று அரண்மனையில், ஒன்று வெளியே, நடுவில் சூழ்ச்சிக்கார மாமன். நம்பியார் செய்ததை இதில் நாசர் செய்வார், துளிகூடச் சிரிக்காமல். வடிவேலு எதைச் செய்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் அசல் சரித்திரப் படத்தில் நடித்துக்கொண்டிருப்பதால்தான் அந்தக் காமெடி எடுபடுகிறது. அக்காமாலா, கப்சி விளம்பரம் ஊருக்கே தெரியும். எனக்கு அதைவிட, அடுத்தவன் உடம்பில் தன் தலையை வைத்து ஓவியம் வரையச் சொல்லும் காட்சி பிடிக்கும். எங்கள் தெரு முனையில் வருஷம் முழுக்க நிற்கும் பிறந்தநாள் பேனர்களைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். அதே இயக்குநர் 2010இல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தார். ஜெய்சங்கர் குதிரையில் வந்த, இயக்குநர் கர்ணனின் கௌபாய் படங்களுக்கு மரியாதை. யோசனை பிரமாதம், ஆனால் ‘கங்கா’வையும் ‘ஜக்கம்மா’வையும் பார்த்த தலைமுறை அதற்குள் தியேட்டருக்குப் போவதை நிறுத்திவிட்டது.

ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்கிறேன். பிராட்வே பக்கம் மினர்வா தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தவர் என் தாய்மாமா. எனக்கு வாய்த்தது பர்மா பஜார் டிவிடிகள். ‘ஏர்பிளேன்!’ (1980) படத்தை அவரோடுதான் பார்த்தேன். வார்த்தை விளையாட்டுகளில் பாதி எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை. ஆனால் லெஸ்லி நீல்சன் வந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “டேய், இந்தாளு சிரிக்கவே மாட்றாண்டா!” அதுதான் விஷயம். நீல்சன் அதுவரை சீரியஸ் வேஷங்கள் கட்டியவர். அந்தப் படத்தின் கதையும் சொந்தக் கதை இல்லை. 1957இல் வந்த ‘ஜீரோ ஹவர்!’ என்ற நிஜமான விமான ஆபத்துப் படத்தின் உரிமையை முறையாக வாங்கி, சாப்பாட்டில் விஷமாகி விமானிகள் சாய்வது முதல் பல வசனங்கள் வரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அசலைத் தேடிப் பாருங்கள், எது கிண்டல் எது சீரியஸ் என்று குழம்பிவிடும்.

மெல் புரூக்ஸின் ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ (1974) இன்னும் ஒரு படி மேலே. கறுப்பு வெள்ளையில் எடுத்ததோடு நிற்காமல், 1931ஆம் ஆண்டு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் மின்னல் தெறித்த அதே ஆய்வகச் சாமான்களைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்தினார்கள். ஒரு படத்தைக் கேலி செய்ய அதன் பரணை வரைக்கும் போன ஆட்கள். ‘நேக்கட் கன்’ (1988), ஆறே எபிசோடில் நிறுத்தப்பட்ட ‘போலீஸ் ஸ்குவாட்!’ என்ற டிவி தொடரிலிருந்து முளைத்தது. 2025இல் அதே பெயரில் மறுபடி எடுத்தபோது லியாம் நீசனைப் போட்டார்கள். ‘உன்னைத் தேடிப் பிடித்துக் கொல்வேன்’ என்று ‘டேக்கன்’ படத்தில் போனில் கரகரத்த அதே முகம், அதே குரல். ஆள் தேர்விலேயே பாதி ஜோக் முடிந்துவிட்டது. ‘ஷான் ஆஃப் த டெட்’ (2004) எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஜாம்பிகள் நிஜமாகவே கடிக்கின்றன. ‘ஸ்கேரி மூவி’க்குப் (2000) பிறகு வந்த ‘எபிக் மூவி’, ‘டிசாஸ்டர் மூவி’ வகையறாக்கள் வேண்டாம். டிரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருக்கும்.

இப்போது எனக்கு வேண்டிய படத்தைச் சொல்கிறேன். யாரும் இன்னும் எடுக்கவில்லை: வடசென்னையில் நடக்கும் படங்களுக்கு ஒரு ஸ்பூஃப்.

‘பொல்லாதவன்’, ‘மெட்ராஸ்’, ‘வடசென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ நான்கும் எங்கள் பக்கம் மனப்பாடம். நல்ல படங்கள், சண்டைக்கு வராதீர்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து எடுத்த மற்றவைதான் குறி. எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் நிறம். எடுத்ததும் ட்ரோன் எண்ணூர்ப் புகைக்கூண்டுகளைச் சுற்றிவிட்டுக் காசிமேட்டுப் படகுகளுக்கு மேலே இறங்கும். ஒரு கானா, ஒரு சாவு மேளம், அண்ணன் என்று ஒருவர், அவரை முதுகில் குத்த இன்னொருவர். கேரம் போர்டு வந்தால் யாரோ சாகப்போகிறார் என்று அர்த்தம். ‘வடசென்னை’யில் சிறைக்குள் நடக்கும் அந்த கேரம் காட்சி அவ்வளவு நன்றாக இருந்ததன் விளைவு இது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்த காசிமா எங்கள் பக்கத்துப் பெண், அங்கே யாரும் யாரையும் குத்தவில்லை.

என் ஸ்பூஃபில் ஹீரோ பழிவாங்கக் கிளம்புவான். கிளம்பினதும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்வான். எதிர்ப்பக்கம் வில்லனும் மாட்டியிருப்பான். இரண்டு பேரும் வண்டியை நிறுத்திவிட்டு, துறைமுக கேட் எப்போது திறக்கும் என்று டிரைவர்களிடம் விசாரிப்பார்கள். வில்லனின் ஆட்கள் மட்டும் கொஞ்சம் விவரமானவர்கள், விம்கோ நகரில் மெட்ரோ ஏறுவார்கள். பட்டாக்கத்தியோடு ஸ்கேனரைத் தாண்ட முடியாமல் வாசலிலேயே நிற்பார்கள். மெட்ரோ வந்தது 2021இல், நம் இயக்குநர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. இருபது நிமிட ஃபிளாஷ்பேக்கை அண்ணன் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். ஃபிளாஷ்பேக் முடிவதற்குள் தட்டு காலியாகி, கடைக்காரர் ‘அண்ணே, இன்னொரு பிளேட் போட்டா மீதிக் கதையும் சொல்லலாம்’ என்பார். கிளைமாக்ஸில் யாரோ யாரையோ குத்தப்போகும்போது ஹீரோவின் அம்மா மாடியிலிருந்து, தண்ணி லாரி வந்துவிட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு வாடா என்று கூப்பிடுவார். இரண்டு கோஷ்டியும் கத்தியைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடும்.

ஒரு நிபந்தனை மட்டும். யாருமே சிரிக்கக்கூடாது. சந்தோஷ் நாராயணன் மாதிரியே கனமாகப் பின்னணி இசை போகவேண்டும், மஞ்சள் நிறம் கட்டாயம். எடுப்பவர் இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு மழைக்காலம் வியாசர்பாடியில் வீடெடுத்துத் தங்கட்டும். திரைக்கதை விவாதத்துக்கு நான் இலவசமாக வருகிறேன், டீ மட்டும் அவர்கள் செலவு.