“சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வீர்கள்!”

இணையவழித் துன்புறுத்தல் குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய புகைப்படத்தை விகாரமாக மாற்றி, பட்டப்பெயர் சூட்டிச் சிரித்திருக்கிறார்கள். பிறகு அவளை மட்டும் விட்டுவிட்டு வேறு குழு தொடங்கிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு பெண்ணின் தாய் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வீர்கள்” என்கிறாள். அவள் அப்பாவும் அதைத்தான் செய்யச் சொல்கிறார். – ஒரு தாய்

பதில்: கைபேசியைப் பிடுங்காதீர்கள். துன்புறுத்தப்படும் பிள்ளைகள் பெரியவர்களிடம் வாய் திறக்காமல் இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தவறு செய்தவர்களை விட்டுவிட்டுத் தங்களுக்கே தண்டனை கிடைக்கும் என்ற அச்சம்தான். உங்கள் மகள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அவளிடம் இன்னும் அன்பாக இருக்கும் ஓரிரு தோழிகளோடு பேசுவதற்கான வழியும் அதே கருவிதான் என்பதால், அதைப் பறித்தால் அவளை ஒதுக்கியவர்கள் தொடங்கிய வேலையை நாமே முடித்து வைத்தவர்கள் ஆவோம். அடுத்த முறை இதைவிடப் பெரிய துன்பம் வந்தாலும் அவள் சொல்ல மாட்டாள்.

முதலில் அவளோடு உட்கார்ந்து, நடந்ததில் அவள்மீது தவறில்லை என்பதையும், கைபேசி அவளிடமே இருக்கும் என்பதையும், எந்த நடவடிக்கை எடுத்தாலும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளியில் பேச வேண்டி வரும்போது அந்த வாக்கை மீற நேரும், அவளுடைய நம்பிக்கையும் அதோடு போய்விடும்.

அடுத்தது சான்றுகள். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடத் தோன்றும், அழிக்க வேண்டாம். அனுப்பியவரின் பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் கைபேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உரியவர்களை பிளாக் செய்யலாம். தன்னை யார் குழுக்களில் சேர்க்கலாம் என்பதை வாட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பில் அவளே முடிவு செய்துகொள்ள முடியும். பிளாக் செய்தால் பகை முற்றிவிடுமோ என்று அவள் அஞ்சினால், இன்ஸ்டாகிராமில் 2019ஆம் ஆண்டு முதல் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற வசதி இருக்கிறது. கட்டுப்படுத்தப்பட்டவர் எழுதும் கருத்து, அவள் அனுமதித்தால் ஒழிய, அவரைத் தவிர மற்றவர் கண்ணில் படாது, தாம் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதும் அவருக்குத் தெரியாது. அவள் பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். நீங்களும் அந்தப் பெண்களின் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டையிட வேண்டாம். சான்றுகளோடு வகுப்பாசிரியரை நேரில் சந்தித்து, பள்ளி என்ன செய்யப்போகிறது, எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தை மாற்றியதைவிட, குழுவில் சேர்க்காமல் விட்டதுதான் அவளை அதிகமாக வாட்டக்கூடும். “சேர்க்காவிட்டால் போகட்டுமே” என்று பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், கணினித் திரையில் பந்து எறிந்து விளையாடும் சாதாரண விளையாட்டில், ஒருவருக்கு மட்டும் மற்றவர்கள் பந்தைப் போடாமல் விட்டபோது அவருடைய மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. உடல்வலியோடு தொடர்புடைய பகுதி ஒன்று அப்போது கூடுதலாக இயங்கியது. முகம் தெரியாதவர்கள் ஒதுக்கினாலே அப்படி என்றால், தினமும் பக்கத்தில் உட்காரும் தோழிகள் ஒதுக்கினால் எப்படி இருக்கும்? தூக்கம், உணவு, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்து வயிற்றுவலி ஆகியவற்றைக் கவனியுங்கள். “நான் இருந்து என்ன பயன்” என்பது போல ஒரு சொல் வந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் படித்த காலத்திலும் கேலி, கிண்டல், பட்டப்பெயர் எல்லாம் இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டித்தான் வளர்ந்தோம். இப்போது மட்டும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? – பேரப்பிள்ளைகள் உள்ள ஒரு வாசகர்

பதில்: எல்லாக் கேலியும் துன்புறுத்தல் அல்ல என்ற அளவில் உங்களோடு உடன்படுகிறேன். 1970களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் பள்ளி மாணவர்களிடையே நடக்கும் துன்புறுத்தலை முறையாக ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வியஸ், அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நிகழ்தல், எதிர்த்து நிற்க முடியாத அளவுக்குப் பலத்தில் ஏற்றத்தாழ்வு. சமபலம் உள்ள இரு நண்பர்கள் சண்டையிட்டு மறுநாள் கூடிக்கொள்வது இதில் சேராது.

ஆனால் இணையம் இவற்றில் கடைசி இரண்டையும் மாற்றிவிட்டது. ஒருவன் ஒரே முறை பதிவிட்ட படத்தை முந்நூறு பேர் பகிரும்போது, அவன் மறுபடி எதுவும் செய்யாமலேயே அது முந்நூறு முறை நிகழ்கிறது. உடல் வலிமை இல்லாதவனும் போலிக் கணக்கின் பின்னால் நின்று வலியவன் ஆகிவிடுகிறான். உங்கள் காலத்தில் பள்ளி மணி அடித்ததும் கேலி நின்றது, வீடு புகலிடமாக இருந்தது. இன்று அது தலையணைக்கு அடியில் வந்து படுத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதினரிடம் எடுத்து 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் இணையத்தில் துன்புறுத்தப்பட்டதாகக் கூறியிருக்கிறார். நீங்கள் தாண்டி வந்தீர்கள் என்பது உண்மை. தாண்டி வர முடியாமல் படிப்பை விட்டவர்கள் உங்கள் வகுப்பிலும் இருந்திருக்கலாம். அவர்களுடைய கதையை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவனைத் தினமும் மீம் போட்டுக் கேவலப்படுத்துகிறார்கள். நான் எதுவும் எழுதுவதில்லை, சிரிப்பதும் இல்லை. பேசினால் அடுத்தது நான்தான் என்று பயமாக இருக்கிறது. நானும் குற்றவாளியா? – 16 வயது மாணவன்

பதில்: குற்றவாளி இல்லை, தம்பி. ஆனால் அந்தப் பையனின் இடத்திலிருந்து பார். குழுவில் அவனைத் தவிர நாற்பது பேர் இருந்து மூன்று பேர் ஏசினால், மீதி முப்பத்தேழு பேரும் அதை ஆமோதிப்பதாகவே அவனுக்குத் தோன்றும். மௌனம் சம்மதம் என்றுதானே சொல்லி வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் எண்ணிக்கை கூடக் கூட, ‘வேறு யாராவது செய்வார்கள்’ என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்வதை 1968இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் சோதனையில் காட்டினார்கள். நீ உணர்வது உன் தனிப்பட்ட கோழைத்தனம் அல்ல, கூட்டத்தின் இயல்பு.

அந்த இயல்பை உடைப்பது நாம் நினைப்பதைவிட எளிது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், உடனிருந்த பிள்ளை ஒன்று குறுக்கிட்டபோது, நூற்றுக்கு 57 தடவை பத்து விநாடிக்குள் துன்புறுத்தல் நின்றிருக்கிறது. மைதானத்தில் கண்டது திரையில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பள்ளித் துன்புறுத்தலைத் தடுக்கப் பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிவா’ திட்டமும், பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களை மாற்றுவதையே மையமாகக் கொண்டிருக்கிறது.

குழுவில் எல்லோர் முன்னாலும் எதிர்த்துப் பேச வேண்டும் என்று உன்னை நான் வற்புறுத்தவில்லை. இன்றைக்கு அந்தப் பையனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பு: “அவர்கள் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. நாளை இடைவேளையில் என்னோடு வா.” இவ்வளவு போதும். மீமைப் பகிராதே, சிரிப்புக் குறி போடாதே. செயலியில் ரிப்போர்ட் செய்தால் செய்தது யார் என்று அவர்களிடம் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம், உன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே சொல்லலாம்.

கேள்வி: எத்தனை வயதில் சமூக ஊடகக் கணக்கு தொடங்க அனுமதிக்கலாம்? – ஒரு தந்தை

பதில்: பெரும்பாலான தளங்களின் விதி 13 வயது, சில நாடுகளில் அதைவிடக் கூடுதல். வயதைவிட, கசப்பான செய்தி வந்தால் உங்களிடம் ஓடி வந்து காட்டும் பழக்கம் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவில் எல்லோருடைய கைபேசியும், உங்களுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: என் மாணவி ஒருத்தியின் அந்தரங்கப் படத்தைப் பரப்பிவிடுவதாக ஒருவன் மிரட்டுகிறான். என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னாள். எங்கிருந்து தொடங்குவது? – ஓர் ஆசிரியை

பதில்: அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பும்படி எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். சிறார்களின் அத்தகைய படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். மிரட்டல் செய்திகளையும் அனுப்பியவனின் கணக்கு விவரத்தையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவன் கேட்கும் பணத்தையோ இன்னொரு படத்தையோ கொடுத்தால் மிரட்டல் ஓயாது, வளரும். பெற்றோருக்கும் காவல்துறைக்கும் சொல்ல வேண்டிய கட்டம் இது. அவளோடு நீங்களும் உட்கார்ந்து பெற்றோரிடம் சொன்னால், அவர்களுடைய முதல் கோபம் அவள்மீது பாயாமல் தடுக்கலாம்.

‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் உண்டு. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கானது அது. படம் அவளுடைய கருவியை விட்டு வெளியே போகாமலேயே, அதற்குரிய கைரேகை போன்ற எண்கோவை ஒன்று உருவாகிறது. சேவையில் இணைந்துள்ள தளங்கள் அந்த எண்கோவையை வைத்துத் தங்களிடம் ஏறும் அதே படத்தைக் கண்டுபிடித்து அகற்றுகின்றன. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன்தான் போலிக் கணக்கு தொடங்கி வகுப்புத் தோழனைத் துன்புறுத்தியிருக்கிறான். அவமானத்தால் குறுகிப்போயிருக்கிறேன். அடித்துத் திருத்துவதா, பள்ளியில் தெரியாமல் மறைப்பதா? – ஒரு தாய்

பதில்: இரண்டும் வேண்டாம். இப்படிக் கடிதம் எழுதும் பெற்றோர் மிகக் குறைவு என்பதால் உங்கள் நேர்மையை மனமார மதிக்கிறேன். நான் மேலே குறிப்பிட்ட ஐரோப்பியக் கணக்கிலேயே, ஏறத்தாழ 8 பேரில் ஒருவர் தாம் இணையத்தில் பிறரைத் துன்புறுத்தியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்களில் பலர் நேரில் சாதுவான பிள்ளைகளாகவே இருப்பார்கள். பெயர் மறைந்திருப்பதும் எதிராளியின் கண்ணீர் கண்ணில் படாததும் மனிதரின் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுவதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் விரிவாக எழுதினார். அடித்தால், வலியவர் எளியவரை வதைக்கலாம் என்ற அதே பாடத்தைத்தான் அவன் மறுபடியும் கற்றுக்கொள்வான்.

அவன் எழுதியதை அவனையே உங்கள் முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவனையும் யாராவது துன்புறுத்தினார்களா என்று பொறுமையாக விசாரியுங்கள். துன்புற்றவனே துன்புறுத்துபவனாக மாறுவது உண்டு. கணக்கை மூடுவதற்கு முன் சான்றுகளைப் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு, பகிர்ந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதை நீக்கும்படி அவனே கேட்க வேண்டும். சில மாதங்களுக்கு அவனுடைய கணக்குகளை அவன் அறிய நீங்கள் பார்வையிடுவது நியாயமான தண்டனைதான். மன்னிப்புக் கேட்பதை எல்லோர் முன்னிலையிலும் நடத்தாதீர்கள். அந்த மாணவன் விரும்பினால், அவன் சொல்லும் இடத்தில், அவன் சொல்லும் நேரத்தில் கேட்கட்டும். அவன் மன்னிக்காமலும் போகலாம், அதற்கு அவனுக்கு உரிமை உண்டு என்பதை உங்கள் மகனிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.